ஹலால் கோல்ட் கட்ஸ்: முத்திரையைத் தாண்டிப் பார்க்க வேண்டியவை

சலாமி, ஹாம், மார்ட்டடெல்லா, பாஸ்ட்ராமி எல்லாம் உப்பும் பதப்பொருளும் சேர்த்துப் பக்குவப்படுத்திய இறைச்சிகள். மெல்லியதாகச் சீவி, மறுபடி சமைக்காமல் குளிராகவே சாப்பிடுவதால் இவற்றுக்குக் கோல்ட் கட்ஸ் என்று பெயர். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் கோட்டக்குப்பம், முதலியார்சாவடி, பிறகு பொம்மையார்பாளையம். முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் கோட்டக்குப்பம் பக்கத்திலேயே இருப்பதால், பொம்மையார்பாளையத்தில் ஹலால் ஆட்டுக்கறிக்கும் கோழிக்கும் பஞ்சமில்லை. குழப்பம் வருவது பாக்கெட் இறைச்சியில்தான்.

பெயரும் உறையும்

ஹாம் என்பது பன்றித் தொடை. பேக்கன் பெரும்பாலும் பன்றியின் வயிற்றுக்கறி. 'சிக்கன் ஹாம்' என்ற பெயரில் ஹாம் என்பது வெறும் வடிவத்தைக் குறிக்கிறது. சலாமியும் சாசேஜும் எந்த இறைச்சியிலும் செய்யப்படலாம். ஆகவே முன்பக்கப் பெயரைவிடப் பின்பக்கப் பொருள் பட்டியலே முக்கியம்.

சாசேஜின் மேலுறை ஆட்டுக்குடலாக இருக்கலாம், பன்றிக்குடலாகவும் இருக்கலாம். கொலாஜன் உறை, ஜெலட்டின், 471 என்ற எண்ணுள்ள கொழுப்புப் பொருள் ஆகியவை எந்த விலங்கிலிருந்து வந்தவை என்று லேபிளில் பெரும்பாலும் தெரியாது. 471 தாவர எண்ணெயிலிருந்தும் எடுக்கப்படுகிறது. பாதே எனப்படும் அரைத்த இறைச்சி வகைகளில் ஒயினோ பிராந்தியோ சேர்வதுண்டு.

பழுப்பு நிறக் குறி அசைவம் என்பதை மட்டுமே சொல்லும். ஹலால் சான்று இந்தியாவில் சட்டப்படி கட்டாயமில்லை. சென்னையின் ஹலால் இந்தியா, ஜமியத் உலமா-ஏ-ஹிந்த் ஹலால் டிரஸ்ட் போன்ற அமைப்புகள் அதை வழங்குகின்றன. முத்திரையில் சான்றளித்தவர் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. மயக்கமூட்டி அறுப்பதிலும் இயந்திர அறுப்பிலும் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் கவனமுள்ளவர்கள் சான்றளித்தவரிடமே கேட்டுவிடலாம். கடையில் பன்றி ஹாமை வெட்டிய அதே இயந்திரத்தில் கோழி சலாமியையும் சீவித் தந்தால் சான்றிதழால் பயனில்லை. ஆலையிலேயே மூடிய பாக்கெட்தான் பாதுகாப்பு.

சான்று உப்பைக் குறைக்காது

ஹலால் என்பதாலேயே ஒரு சலாமி உடம்புக்கு நல்லதாகிவிடாது. பதப்படுத்திய இறைச்சி பெருங்குடல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் அறிவித்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடுகிறது. புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் இது சேர்க்கப்பட்டது. ஆதாரத்தின் உறுதியைக் காட்டும் பிரிவு அது, இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை என்று பொருளல்ல.

லேபிளில் 250 என்ற எண் சோடியம் நைட்ரைட். இறைச்சிக்கு இளஞ்சிவப்பு தருவதும் பொட்டுலிசம் என்ற உணவு நச்சு நோயின் கிருமியைத் தடுப்பதும் அதுதான். செலரிப் பொடி சேர்த்து 'இயற்கை' என்று விற்பதிலும் நைட்ரைட் உண்டாகிறது. சோடியம் அளவை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்: 100 கிராமில் 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் கீழ் இருக்க வேண்டும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

பதப்படுத்துவது முஸ்லிம் சமையலுக்குப் புதிதல்ல. துருக்கியின் பாஸ்துர்மாவிலிருந்தே பாஸ்ட்ராமி என்ற பெயர் வந்தது. பக்ரீத் குர்பானிக் கறியை மஞ்சளும் உப்பும் தடவி வெயிலில் காயவைக்கும் உப்புக்கண்டமும் அதே வழிதான். உப்பு மிகுதி என்ற குறையும் அதேதான்.

வீட்டிலேயே செய்தால்

சாண்ட்விச்சுக்கு மிகச் சிறந்தது, தெரிந்த ஹலால் கடையில் வாங்கிய எலும்பில்லாக் கோழி நெஞ்சுக்கறி. ஒரு கிலோவுக்கு 10 கிராம் உப்பு, இடித்த மிளகு, பூண்டு, எலுமிச்சைச் சாறு தடவி இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் ஊறவைக்க வேண்டும். பிறகு இட்லிப் பானையில் ஆவியில் வேகவைக்கலாம். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். ஆறியதும் இறுகச் சுற்றிக் குளிரவைத்து, நாருக்குக் குறுக்கே மெல்லியதாகச் சீவினால் சிதையாது. நைட்ரைட் இல்லாததால் நிறம் வெளிறியிருக்கும், மூன்று நாளுக்கு மேல் வைக்கவும் கூடாது.

குளிரிலும் வளரும் கிருமி

லிஸ்டீரியா கிருமி ஃபிரிட்ஜின் குளிரிலும் பெருகும். தென்னாப்பிரிக்காவில் 2017–18-இல் போலோனி என்ற பதப்படுத்திய இறைச்சி வழியாகப் பரவியதில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கிருமி கருச்சிதைவு வரை கொண்டுபோகும். ஆகவே அவர்களும், முதியோரும், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் எந்தக் கோல்ட் கட்ஸையும் ஆவி பறக்கச் சூடாக்கியே சாப்பிட வேண்டும். பிரித்த பாக்கெட்டை 5 டிகிரிக்குக் கீழே வைத்து, மூன்று முதல் ஐந்து நாளில் முடித்துவிட வேண்டும். நீண்ட நேரம் மின்சாரம் போயிருந்தால் அதற்கு முன்பே எறிந்துவிட வேண்டும்.