பொன் தேடிய குகைகளும் கல் வெட்டிய குழிகளும்

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

மண்ணைத் தோண்டிப் பொருள் எடுப்பவர், எடுக்கும் பொருள் தீர்ந்ததும் போய்விடுவர். குழியோ ஊருக்கே மிஞ்சும். இவ்வுண்மையை இரண்டு இடங்களில் நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. ஒன்று, நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியிலுள்ள தேவாலா, பந்தலூர்ப் பகுதி. மற்றொன்று, தாம்பரத்தைச் சுற்றியுள்ள நம் கிராமங்கள். அங்கே பொன்னைத் தேடிக் குடைந்தார்கள்; இங்கே கருங்கல்லுக்காக வெட்டினார்கள். இவ்விரண்டையும் ஒப்பிட்டு, பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிய வேண்டிய சில செய்திகளைக் கூற விழைகின்றேன்.

தேவாலாவில் ஒரு நடை

கூடலூர் வட்டாரத்தில் பணியாற்றிய நாளில், விடுமுறையொன்றில் வனத்துறைக் காவலர் ஒருவருடன் தேவாலாக் காட்டோரமாக நடந்தேன். தமிழ்நாட்டில் மிகுதியாக மழை பெய்யும் ஊர்களில் தேவாலா ஒன்று. தேயிலைத் தோட்டங்களைக் கடந்து சோலைக்குள் நுழைந்தால் எப்பக்கமும் நீரோசைதான். மழைக்காலத்தில் பாறைக்குப் பாறை வெள்ளருவி விழும். அவ்வருவியோரங்களிலேயே ஆள் குனிந்து நுழையத்தக்க குகைகள் காணப்படுகின்றன. அவை இயற்கைக் குகைகள் அல்ல. பொன் தேடியவர்கள் குடைந்த சுரங்க வாயில்கள்.

வயநாட்டு ஓடைகளின் மணலை அரித்துப் பொன்துகள் எடுப்பது அப்பகுதிப் பழங்குடி மக்களுக்குப் பழக்கமான தொழிலே. அதைக் கண்ட வெள்ளையர், ஓடையில் துகள் இருந்தால் மலையில் பாளமாக இருக்கும் என்று எண்ணினர். 1879ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சுரங்க வல்லுநரான பிரஃப் ஸ்மைத் என்பவரை அரசாங்கம் வரவழைத்து ஆராயச் செய்தது. அவருடைய நம்பிக்கையான அறிக்கையைக் கண்டதும் லண்டன் மாநகரில் அடுத்தடுத்துக் கம்பெனிகள் தோன்றின, பங்குகள் பறந்தன. நொடித்துக் கிடந்த காப்பித் தோட்டங்கள் பெருவிலைக்குக் கைமாறின.

பொன் இல்லாமல் இல்லை. ஆயினும் அது வெள்ளைப் படிகக்கல் நாளங்களில் மிகச் சிறிய அளவிலேயே கலந்திருந்தது. ஒரு டன் கல்லை வெட்டிச் சுமந்து இடித்துத் தூளாக்கினால் கிடைத்தது சில கிராம் பொன்னே. செலவு வரவை விழுங்கிற்று. சில ஆண்டுகளிலேயே கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. இன்று எஞ்சியிருப்பவை குகை வாயில்களும், இடிந்த சுவர்களும், கொடி படர்ந்த கல்மேடுகளுமே.

காண இனிய இடந்தான். ஆயினும் உடன் வந்த காவலர் என்னைக் குகை வாயிலிலேயே நிறுத்திவிட்டார். “ஐயா, உள்ளே தாங்கு கட்டை எல்லாம் உளுத்துப் போச்சு. காத்தும் நல்ல காத்து இல்லே,” என்றார். பொன்னாசையால் இரகசியமாக உள்ளே நுழைந்து, மண் சரிந்து மாண்டவர்களும் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தேன். கம்பெனிகள் போய் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் குழி இன்னும் உயிர் கேட்கின்றது.

நம் ஊர்க் கருங்கல்

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் ஆகிய இடங்களில் எழுந்து நிற்கும் குன்றுகள் ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயதான பாறைகள். நாம் கருங்கல் என்று பொதுவாக அழைக்கும் இதற்கு நிலநூலார் வைத்த பெயர் சார்னோக்கைட் என்பது. கல்கத்தாவில் உள்ள ஜோப் சார்னாக் என்னும் ஆங்கில வணிகரின் கல்லறைக் கல் இவ்வகையைச் சேர்ந்ததாக இருந்தமையின், ஹாலண்டு என்னும் நிலநூலார் 1893ஆம் ஆண்டில் இப்பெயரைச் சூட்டினார். இன்று உலகில் எங்கு இவ்வகைப் பாறை கிடைத்தாலும் அதனை இப்பெயராலேயே குறிக்கின்றனர்.

பல்லாவரத்துக்கு மற்றொரு பெருமையும் உண்டு. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலநூலார் அவ்வூரின் படைத்திடலருகே செம்பூராங்கல் சரளை எடுத்த குழியொன்றில், பழைய கற்கால மனிதன் செதுக்கிய கற்கருவியைக் கண்டெடுத்தார். பாரத நாட்டின் பழங்கற்கால ஆராய்ச்சி அன்றே தொடங்கிற்று எனலாம். தோண்டிய குழி வரலாற்றையே வெளிப்படுத்திய இடம் இது. குழி என்றாலே வெறுக்கத்தக்கது என்று நான் கூறவில்லை. அதன் பயனையும் அபாயத்தையும் பிரித்தறிய வேண்டும் என்பதே என் கருத்து.

குழி எவ்வாறு நீர்நிலையாகின்றது?

கருங்கல்லில் மண்ணைப்போல நீர் ஊறாது. அதன் வெடிப்புகளில்தான் நீர் தங்கும். கல் வெட்ட வெட்டக் குழி நிலத்தடி நீர்மட்டத்திற்குக் கீழே இறங்கும்போது, அவ்வெடிப்புகளின் வழியே நீர் குழிக்குள் வடிகின்றது. வேலை நடக்கும் நாளில் அந்நீரை இறைத்துக்கொண்டே இருப்பர். அதனால் அதே வெடிப்புத் தொடர்பிலுள்ள அக்கம்பக்கத்துக் கிணறுகள் வற்றக்கூடும். வேலை நின்றபின் ஊற்றும் மழையும் சேர்ந்து குழியை நிரப்பிவிடும். இதைத்தான் நம் மக்கள் கல்குட்டை என்கின்றனர்.

ஏரிக்கும் கல்குட்டைக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுவர்க்கும் சொல்லிவைக்க வேண்டும். ஏரியின் கரை சரிவாக இறங்கும். முழங்கால், இடுப்பு, மார்பு என்று ஆழம் தன்னை அறிவித்துக்கொண்டே வரும். கல்குட்டையோ சுவர்போலச் செங்குத்தாக இறங்குவது. ஓரடி வைத்த இடத்தில் கணுக்கால் அளவு நீர். அடுத்த அடியில் பனைமரத்து ஆழம். மேல்நீர் வெயிலில் சூடாக இருப்பினும் கீழ்நீர் மிகக் குளிர்ந்திருக்கும். குதித்தவனுக்கு மூச்சுத் திணறிக் கைகால் சோர்ந்துவிடும். பாசி படர்ந்த பாறையில் பற்றி ஏறவும் இயலாது. நீச்சல் அறிந்தவரும் இறப்பதற்குக் காரணம் இதுவே.

கோடைதோறும் இத்தகைய துயரச் செய்திகள் வந்தவண்ணமே இருக்கின்றன. ஒரு சித்திரை மாதத்தில் அத்தகைய குட்டையொன்றின் கரைக்கு நானும் செல்ல நேர்ந்தது. பள்ளிச் சட்டையும் ஒரு ஜோடிச் செருப்பும் பாறைமேல் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. “இங்கே வேலி போடணும்னு ரெண்டு வருஷமாச் சொல்லிக்கிட்டிருக்கோம், சார்,” என்று அவ்வூர்ப் பெரியவர் கூறினார். அதற்கு விடை கூற என்னிடம் சொல் இல்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அச்சொல்லே.

பயன்படும் குட்டை, பாதுகாக்கும் காடு

கல்குட்டையால் நன்மையும் உண்டு. 2017ஆம் ஆண்டு வறட்சியில் ஏரிகள் வற்றியபோது, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்துக் கல்குட்டைகளின் நீரைச் செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசென்று சென்னை மக்களுக்கு வழங்கினார்கள். கைவிட்ட குழி தலைநகரின் தாகம் தீர்த்தது. ஆனால் அந்நீரைச் சோதித்துச் சுத்திகரித்த பின்னரே வழங்கினர் என்பதை மறத்தலாகாது.

மேடவாக்கத்துக்கு அருகிலுள்ள நன்மங்கலம் காப்புக்காடு மற்றோர் எடுத்துக்காட்டு. ஏறக்குறைய 320 ஹெக்டேர் பரப்புள்ள இப்புதர்க்காட்டின் நடுவே பழைய கல்குழிகள் உள்ளன. அருவி இல்லை, தேவாலாவின் பசுமையும் இல்லை. ஆயினும் விடியற்காலையில் முட்புதர்களுக்கிடையே நடந்து அக்குழியோரம் நின்றால், செங்குத்தான பாறை விளிம்புகளில் கொம்பன் ஆந்தையைக் காணலாம். ஆள் ஏறமுடியாத அவ்வெட்டுப்பாறையே அதற்குக் கூடு. எலிகளைப் பெரிதும் தின்னும் இப்பறவை விவசாயிக்குக் கூலி கேளாத காவற்காரன் அன்றோ? இது காப்புக்காடாதலின் வனத்துறையின் அனுமதி பெற்றே உள்ளே செல்லவேண்டும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

முதலாவது, கணக்கெடுப்பு. ஊர் எல்லைக்குள் எத்தனை குழிகள், அவை புறம்போக்கில் உள்ளனவா பட்டா நிலத்தில் உள்ளனவா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரின் பதிவேடுகளைக் கொண்டு எழுதி வைத்தல் வேண்டும். குத்தகை நடப்பிலுள்ள குழியாயின், பாதுகாப்புக்குக் குத்தகைதாரரே பொறுப்பு. கனிமவளத் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

இரண்டாவது, வேலி. கம்பி வேலிக்குப் பணம் வரும்வரை காத்திராமல், மழைக்கு முன் கிளுவைப் போத்துகளையும் இரயில் கற்றாழையையும் நெருக்கமாக நட்டு உயிர்வேலி எழுப்பலாம். பாதை முனையில் ஆழத்தைக் குறிக்கும் பலகையும், நீண்ட கயிறும், காற்றடைத்த லாரி டியூபும் இருத்தல் நலம். மூழ்குபவரைக் காப்பாற்றத் தாமும் குதித்து மாள்பவர் பலர்; கயிற்றை எறிந்துவிட்டு 101 அல்லது 112 எண்ணுக்கு அழைப்பதே அறிவுடைமை.

மூன்றாவது, குப்பை. குழியைக் குப்பையால் நிரப்பினால் இடமும் தூராகும், வேலையும் தீரும் என்று நினைப்போர் உளர். முன்னர்க் கூறிய அதே வெடிப்புகளின் வழியே குப்பையின் கழிவுநீர் நம் கிணறுகளுக்கு வரும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

நான்காவது, நீர். பாய்ச்சலுக்கோ கால்நடைக்கோ குடிநீருக்கோ பயன்படுத்துமுன் அரசு நீர்ச்சோதனைக் கூடத்துக்கு அனுப்பிச் சோதித்தல் வேண்டும்.

ஐந்தாவது, பொழுதுபோக்கு. “குட்டைக்குப் போகாதே” என்று மட்டும் சொன்னால் சிறுவர் கேளார். கோடை விடுமுறையில், கரை சரிவான குளத்தில் தேர்ந்தவர் மேற்பார்வையில் நீச்சல் கற்பித்தலும், வனத்துறையின் இசைவோடு பள்ளிப் பிள்ளைகளைக் காட்டு நடைக்கு அழைத்துச் சென்று, பாறையின் வயதையும் பறவையின் பெயரையும் கற்பித்தலும் மேலான வழிகள்.

கிராமசபை ஆண்டுக்கு ஆறுமுறை கூடுகின்றது. அவற்றுள் மார்ச்சு 22ஆம் நாள் உலகத் தண்ணீர் நாள். அதன்பின் வருவது கோடை விடுமுறை. அன்றைய கூட்டத்தில் கல்குட்டைகளின் கணக்கை முதற்பொருளாக வைப்பதற்குத் தனிப்பணம் எதுவும் வேண்டுவதில்லை. ஒரு தாளும் மனமும் போதும். பொன் தேடியவரும் கல் வெட்டியவரும் போய்விட்டார்கள். பிள்ளைகள் நம்முடையவர்கள், பள்ளி முடிந்து அவர்கள் வீடு திரும்பும் வழியிலேதான் அக்குழிகள் இருக்கின்றன.