உங்களுக்குத் தெரியுமா? தீட்டியது கருமை, தெரிவது நீலம்!

கொச்சி மட்டாஞ்சேரியின் ஜூ டவுனில், 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூத ஜெபாலயத்தின் தரை ஓடுகள் முழுக்க நீல ஓவியம். ஆனால் தூரிகையால் தீட்டியபோது அது நீலமாகவே இல்லை! இந்தத் தரையை வைத்தே சில ஓவியச் சொற்களைப் பார்ப்போம்.

● ஊடகம்: ஓவியம் எந்தப் பொருளால் ஆனதோ, அதுதான் ஊடகம். இங்கே கோபால்ட் கலவையும் பீங்கானும். சூளைக்குப் போகுமுன் கோபால்ட் கருஞ்சாம்பல் நிறமாக இருக்கும். மெருகு பூசிச் சுட்ட பிறகே நீலம் பிறக்கும். 18-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த ஓடுகள் இவை, கையால் தீட்டியவை.

● டோன்: ஒரு நிறத்தின் அடர்வும் வெளிர்வும். கலவையில் நீர் கூடினால் வான்நீலம், குறைந்தால் கருநீலம். ஒரே நிறத்தில் ஒரு முழுக் காட்சி!

● வெற்றுவெளி: தீட்டாமல் விட்ட இடம். ஓட்டிலுள்ள வெள்ளை, பூசிய வண்ணமல்ல, பீங்கானின் சொந்த நிறம். கேரளச் சுவரோவிய மரபிலும் வெள்ளை என்பது தீட்டாமல் விட்ட சுண்ணச் சுவர்தான்.

● ஃப்ரெஸ்கோ: ஈரச் சுண்ணத்தில் தீட்டுவது. ஜெபாலயத்தை ஒட்டிய மட்டாஞ்சேரி அரண்மனையின் ராமாயண ஓவியங்கள் அந்த வகையல்ல. அவை காய்ந்த சுவரில், பசை கலந்த வண்ணத்தால் தீட்டியவை. அந்த முறையின் பெயர் டெம்பரா.