திரையில் ஓடும் படம் இடறுவது ஏன்?

வீட்டுப் பெருந்திரையிலே பழைய தமிழ்ப் படமொன்று ஓடுகிறது. வயல் வரம்பில் நடந்து செல்லும் கதாநாயகனைப் பின்தொடர்ந்து கமரா மெல்லத் திரும்புகிறது. வழுக்கிக்கொண்டு பின்னே செல்ல வேண்டிய தென்னை மரங்களோ அரைச் செக்கனுக்கு ஒரு தடவை இடறி இடறிச் செல்கின்றன. வீட்டார் முதலில் தொலைக்காட்சியை ஐயுறுவர். அடுத்துப் படம் இருக்கும் தகட்டை. அதன் பின்னர் இணைய இணைப்பை. இந்தக் குறைக்காகவே பெரும் பணம் செலவிட்டுப் புதுப் பெட்டி வாங்கியவர்களையும் கொடிகாமத்தில் நான் அறிவேன். புதுப் பெட்டியும் அதே இடத்தில் இடறிற்று. பழுது எந்தப் பொருளிலும் இல்லை. இரண்டு எண்கள் ஒன்றோடொன்று பொருந்தாமையே காரணம்.

திரைப்படம் என்பது அசையாத நிழற்படங்களின் தொடரே. மௌனப்படக் காலத்தில் கமராவைக் கையாற் சுழற்றினார்கள். கதி ஆளுக்கு ஆள் வேறுபட்டது. 1920களின் பிற்பகுதியில் படம் பேசத் தொடங்கியபோது அந்தத் தாராளம் செல்லவில்லை. கதி மாறினால் குரல் மாறிவிடும் அன்றோ? ஆகவே செக்கனுக்கு 24 சட்டகங்கள் என்று நிலைநிறுத்தினார்கள். 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ தொடங்கி இன்றைய படங்கள் வரை தமிழ்த் திரையின் கணக்கு இதுவே. திரையரங்கில் இடறல் தோன்றாமைக்குக் காரணம், படவீச்சுக் கருவியின் மூடி ஒவ்வொரு சட்டகத்தையும் இரண்டு தடவை, அல்லது மூன்று தடவை, தவறாது ஒரே அளவிற் காட்டியமையே. 24ஐ இரண்டாற் பெருக்க 48. மூன்றாற் பெருக்க 72. மிச்சம் எதுவும் இல்லை.

தொலைக்காட்சி பிறந்த வீடு வேறு. அது மின்சாரத்தின் மீடிறனைத் துணைக்கொண்டு வளர்ந்தது. மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலையும் பிரித்தானியாவில் 1936இல் ஒளிபரப்புத் தொடங்கியபோது 25 சட்டகம் என்று கொண்டார்கள். 60 தடவை அலையும் அமெரிக்காவில் 30 சட்டகம். பின்னர் 1953இல் அங்கே வண்ணத் தொலைக்காட்சி முறையை வகுத்தபோது, நிறத்தின் அலையும் ஒலியின் அலையும் ஒன்றையொன்று குழப்பாதிருக்கும்பொருட்டு அந்த 30ஐ ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தார்கள். அந்தச் சிறு பின்னம் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகத்தை விட்டுப் போகவில்லை.

இலங்கையின் மின்சாரமும் 50 மீடிறன் உடையது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் தொடங்கியபோது நாம் 25 சட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தோம். இக்குடும்பத்து நாடுகளில், 24 சட்டகத் திரைப்படத்தைத் தொலைக்காட்சிக்கோ ஒளிநாடாவுக்கோ மாற்றும்போது எளியதொரு வழியைக் கையாண்டார்கள்: படத்தையே சற்று விரைவாக ஓட்டிவிட்டார்கள்! இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாக முடியும். பாட்டின் சுருதியும் அரைக் கட்டையின் முக்காற் பங்கு அளவுக்கு ஏறிவிடும். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளிலே மின்பிறப்பாக்கியையும் ‘டெக்’கையும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த எம்மூரவர், பாட்டுகள் வானொலியிற் கேட்டதை விடச் சற்றுத் துடிப்பாக ஒலித்ததைக் கவனித்திருப்பார்களோ, அறியேன். படம் மட்டும் வழுக்கிக்கொண்டே ஓடியது.

இன்றைய நிலை வேறு. தொலைக்காட்சியோடு இணைத்துள்ள சிறிய பெட்டி, இயக்கப்பட்டபோது அமைத்த ஒரே மீடிறனில், பெரும்பாலும் 50இலோ 60இலோ, எப்போதும் படத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறது. 24 சட்டகங்களை 50 இடங்களில் எவ்வாறு பங்கிடுவது? 22 சட்டகங்களுக்கு இரண்டிரண்டு இடம். எஞ்சிய இரண்டுக்கு மும்மூன்று. நீண்டு நிற்கும் அவ்விரண்டு சட்டகங்களே தென்னை மரத்தின் இடறல். 60இல் என்றால் ஒன்று மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று மாறி மாறி வரும். முழுப் படமுமே ஒருவகை நொண்டி நடையில் நடக்கும்.

“கனடாவிலிருந்து அனுப்பிய கலியாண வீடியோ மட்டும் ஏன் சேர் துள்ளுது?” என்று மாணவன் ஒருவன் என்னைக் கேட்டான். அங்கே பிடித்தது 30 சட்டகம். இங்கே அவன் வீட்டுப் பெட்டி 50இல் நின்றது. மூன்று சட்டகங்களுக்கு ஐந்து இடங்கள்: இரண்டு, இரண்டு, ஒன்று. மணமகள் மண்டபத்துக்குள் நடந்து வருங்காற் பிள்ளை தத்துவது போலத் தோன்றாமல் என்ன செய்யும்? அப்பெட்டியை 60க்கு மாற்றியதும் ஒவ்வொரு சட்டகமும் சரியாக இரண்டு தடவை வந்தது.

ஒவ்வொரு தடவையும் கையால் மாற்ற வேண்டியதில்லை. படத்தின் எண்ணைப் பார்த்துத் திரையின் எண்ணைத் தானே மாற்றும் வசதி பல கருவிகளில் உண்டு. பெரும்பாலும் அணைந்த நிலையிற் கிடக்கும். 2002இல் ஒரு விளையாட்டுப் பெட்டிக்காக உருவாகி 2014இல் ‘கோடி’ என்று பெயர் மாறிய இலவச மென்பொருளிலே (எங்கள் ஊர்ப் பெயருக்கும் இதற்கும் உறவு எதுவும் இல்லை) ‘அட்ஜஸ்ட் டிஸ்பிளே ரிபிரெஷ் ரேற்’ என்னும் தெரிவாக அது இருக்கிறது. படம் தொடங்கும்போதும் முடியும்போதும் மட்டும் மாறுமாறு அமைப்பதே வீட்டுக்கு உகந்தது. ‘அப்பிள் ரிவி 4கே’ 2017இல் விற்பனைக்கு வந்தபோது இவ்வசதி அதில் இல்லை. பலரும் முறையிட, அவ்வாண்டு டிசம்பரில் மென்பொருள் மூலம் சேர்த்தார்கள்.

ஒரு சிறு விலை உண்டு. மீடிறன் மாறும் கணத்தில் ஒன்றிரண்டு செக்கன் திரை கறுத்துவிடும். வீட்டில் அப்பாச்சி இருந்தால் முன்னரே சொல்லிவைப்பது நல்லது, இல்லையேல் “கரண்ட் போட்டுதோ?” என்று கேட்பார். எல்லாத் திரைகளும் 24ஐ ஏற்பதுமில்லை. 120 மீடிறன் உள்ள திரைக்கு 24, 30, 60 மூன்றும் மிச்சமின்றிப் பொருந்தும். எங்கள் 25 மட்டும் பொருந்தாது.

இடையில் இல்லாத சட்டகங்களைத் தொலைக்காட்சியே கற்பித்து நிரப்பும் இன்னொரு வசதியைக் கடைக்காரர்கள் புகழ்வார்கள். இடறல் மறையும் என்பது உண்மை. ஆயினும் சிவாஜி கணேசனின் நடிப்பையும் மாலைத் தொடர்நாடகம் போல வழவழப்பாக்கிவிடும் அந்த வித்தையை நான் அணைத்தே வைத்திருக்கிறேன்.

திருவிழாவையும் கலியாணத்தையும் கைத்தொலைபேசியிற் பிடிக்கும் இளைஞர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. எங்கள் மின்விளக்குகள் பல செக்கனுக்கு 100 தடவை துடிப்பவை. 30 சட்டகத்திற் பிடிக்கும்போது கோபுர விளக்குகளின் மேல் கருநிழற் பட்டைகள் ஊர்வதை அவர்கள் கண்டிருப்பர். கருவியில் 25 சட்டகம் என்னும் தெரிவு இருந்தால் அதையும், மூடியின் கதியை 50இல் ஒரு பங்கு செக்கனாகவும் வைத்துப் பிடித்தாற் பட்டைகள் அகலும். உள்ளூர்த் தொலைக்காட்சிப் பெட்டியில் 50இல் ஓடும்போது இடறலும் வராது.