குடும்பப் பெயர் காலி

“எங்கள் மென்பொருள் ஆரக்கிள், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்கள் எதிலும் ஓடும்” என்கிறார்களே, நம்பலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பாதி நம்பலாம். மீதிப் பாதியைக் கவிழ்க்கத் தமிழர்களின் பெயரே போதும்.

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி. படிவமோ அதற்கென்று ஒரு கட்டம் வைத்திருக்கும். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசா கிடையாது என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் சொன்னது நினைவிருக்கும். அது குடிவரவுத் துறையின் பிடிவாதம். தரவுத்தளங்களின் பிடிவாதம் வேறு ரகம்.

வரலாறு வேண்டுவோருக்கு: 1970-இல் இவ்வகைத் தரவுத்தளங்களுக்கு அடிகோலி எட்கர் காட் எழுதிய கட்டுரை, 1979-இல் சந்தைக்கு வந்த ஆரக்கிள், 1986-இல் அவற்றின் வினவல் மொழியான எஸ்க்யூஎல்-லுக்கு அமெரிக்கா வகுத்த தரநிலை. கடை திறந்து ஏழாண்டு கழித்துத்தான் எடைக்கல் வந்தது. பாதி வம்பு அதில்தான்.

எஸ்க்யூஎல்-லில் ‘நல்’ என்றால் ‘தெரியாது’. நிரலாளர்கள் எம்ப்டி ஸ்டிரிங் என்று சொல்லும் வெற்றுச் சரமோ ‘ஒன்றுமில்லை என்று தெரியும்’. போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்-லும் மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரும் இவற்றைப் பிரித்தே பார்க்கின்றன. ஆரக்கிளுக்கு இரண்டும் ஒன்று. இது பின்னாளில் மாறக்கூடும் என்று அதன் கையேடு பதிப்புக்குப் பதிப்பு சொல்கிறது, மாறின பாடில்லை.

இது எப்படி இடறும் என்பதற்கு ஓர் உவமை. மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்களுக்குப் பாலாறு சோதனைச்சாவடி தெரியும். இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கர்நாடகம். இரு பக்கமும் ஆளுக்கொரு பதிவேடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘சரக்கு’ கட்டம் வெறுமையாக இருந்தால் இங்குள்ள எழுத்தர் காலி வண்டி என்று அனுப்பிவிடுகிறார். அங்குள்ளவர், “எழுதாம வந்திருக்கான், ஓரங்கட்டு” என்கிறார். டிரைவருக்குக் கன்னடம் தண்ணீர்பட்ட பாடாக இருந்தும் பயனில்லை. விவரமான டிரைவர் கட்டத்தில் சின்னக் கோடு ஒன்றை இழுத்துவிட்டுப் போவார். திரும்பி வரும்போது அதை அழித்துவிடுவார்.

கல்லூரிகளில் புழங்கும் மூடில் மென்பொருள் ஆரக்கிளுக்காகச் செய்தது இதையேதான். வெற்றுச் சரத்துக்குப் பதில் ஓர் இடைவெளியை எழுதி வைத்தது, படிக்கும்போது நீக்கியது. எழுதியவர்களே அந்த நிரல்துண்டுக்கு ‘அழுக்குத் தந்திரம்’ என்று பொருள்படப் பெயரிட்டார்கள். நேர்மையான ஆட்கள்! இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ வேறு வழியில் போகிறது: ஆரக்கிளின் எழுத்துப் புலத்திலிருந்து ‘நல்’ வந்தால், வெற்றுச் சரமாகத்தான் இருக்கும் என்று தானே முடிவுகட்டிக்கொள்கிறது.

இப்போது குடும்பப் பெயர் இல்லாத செல்வி என்பவரைப் பதிவோம். குடும்பப் பெயர் ‘நல்’ ஆகக் கூடாது என்று அட்டவணையில் விதி இருந்தால், வெற்றுச் சரம் கொடுத்தாலும் ஆரக்கிள் ஏற்காது. விதியைத் தளர்த்தினால் பதியும். ஆனால் குடும்பப் பெயர் வெற்றுச் சரமாக உள்ளவர்களைத் தேடினால் ஒருவரும் அகப்பட மாட்டார். தெரியாததோடு எதை ஒப்பிட்டாலும் விடையும் தெரியாததே. பெயரையும் குடும்பப் பெயரையும் இரட்டைச் செங்குத்துக் கோட்டால் ஒட்டிப் பாருங்கள். ஆரக்கிள் ‘செல்வி’ என்று தரும். போஸ்ட்கிரெஸில் குடும்பப் பெயர் ‘நல்’ என்றால் செல்வியும் கூடவே காணாமல் போவார். மைஎஸ்க்யூஎல் தன் வழக்கமான அமைப்பில் அந்தக் கோடுகளை ‘அல்லது’ என்று எடுத்துக்கொள்ளும். முத்துவையும் குமாரையும் ஒட்டச் சொன்னால் 0 என்று பதில் தரும்.

ஹைபர்நேட் போன்ற இடைநிலைக் கருவிகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். வாக்கியத்தை அந்தந்தத் தரவுத்தளத்தின் பேச்சுக்கு மாற்றிக் கொடுப்பதில் அவை கெட்டி, அந்த டிரைவரின் கன்னடம் போல. எதிர்த் தரப்பின் பழக்கத்தை மாற்ற அவற்றால் ஆகாது.

ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் பிரிவு விற்கும் சர்வீஸ்டெஸ்க் பிளஸ், நம் சொந்த சர்வரில் நிறுவும்போது போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் என இரண்டைத்தான் ஏற்கிறது. இரண்டே இரண்டு என்று சொல்லி விற்பது கௌரவமான வேலை. ‘எதிலும் ஓடும்’ என்று யாராவது வந்தால், எந்தெந்தத் தரவுத்தளத்தில், எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.