வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற கடைசல் இயந்திரம்



ரப்பர் மரத்தைப் பற்றித் தோட்டத்து மக்களாகிய நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பால் குறைந்த மரங்களை ஏறத்தாழ 25, 30 ஆண்டுகளில் வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வதை நாம் கண்டிருக்கிறோம். ஒரு காலத்தில் அந்த மரம் அடுப்புக்குத்தான் போயிற்று. இன்றோ நாற்காலியாகவும் மேசையாகவும் நம் நாட்டிலிருந்து கப்பலேறிப் போகிறது. அந்த மரத்தைக் கொண்டு நாமும் வீட்டிலிருந்தபடியே பூரிக்கட்டை, மத்து, பம்பரம், முக்காலிக் கால், கிண்ணம் முதலியவற்றைச் செய்து விற்கலாம். இப்படி உருண்டையாகச் செய்ய வேண்டிய எல்லாவற்றுக்கும் தேவைப்படுவது மரக் கடைசல் இயந்திரம். பட்டறையில் இதனை ‘லேத்து’ என்பார்கள்.

ஓய்வு பெறும்போது கிடைக்கும் சேமநிதியில் ஒரு பகுதியை இதில் போடலாமா என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அது பல ஆண்டு உழைப்பின் பணம். பொருந்தாத இயந்திரத்தை வாங்கிவிட்டால் அந்த உழைப்பு மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும். ஆகவே, வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இன்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொள்வோம்.

குயவர் சக்கரத்தைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தாற்போன்றது இந்த இயந்திரம். மோட்டார் சுழற்றும் பகுதி தலைப்பகுதி. மரத்தின் மறுமுனையைத் தாங்குவது வால்பகுதி. இரண்டையும் இணைக்கும் நீண்ட இரும்புத் தண்டவாளம் படுகை. நடுவே உளியைச் சாய்த்துப் பிடிக்க உளிதாங்கி இருக்கும். மரம் சுழலும், உளி செதுக்கும். வேலை இவ்வளவுதான்.

முதலில் அளவு. கடைக்காரர் இரண்டு எண்களைச் சொல்வார். ஒன்று, எவ்வளவு பருமனான மரம் சுழலும் என்பது. மற்றொன்று, எவ்வளவு நீளமான மரம் பிடிக்கும் என்பது. நடுத்தர இயந்திரத்தில் இவை பெரும்பாலும் 12 அங்குலப் பருமனும் 16 முதல் 20 அங்குல நீளமும் ஆகும். 10 அங்குலக் கிண்ணத்துக்கும், பூரிக்கட்டைக்கும், முக்காலிக் காலுக்கும் இது போதும். சாப்பாட்டு மேசையின் கால் சுமார் 28 அங்குலம் இருக்குமாதலால் அது இதில் அடங்காது. மேசைக்கால் செய்யும் எண்ணம் இருந்தால், படுகையை நீட்டிக்கொள்ளும் துண்டு தனியே கிடைக்குமா என்று கேட்டு வாங்க வேண்டும். “இதில் என்ன செய்து விற்கப் போகிறோம்?” என்று வீட்டுக் கணக்கைப் பார்க்கும் தாய்மார்கள் முதலில் கேளுங்கள். அதற்கு வரும் விடைதான் இயந்திரத்தின் அளவு.

இரண்டாவது, எடை. கோணல்மாணலான மரம் சுழலும்போது இயந்திரம் உதறும். எடை குறைந்த தகட்டு இயந்திரம் மேசையோடு நடனமாடும். வார்ப்பிரும்பில் செய்த நடுத்தர இயந்திரம் 40 கிலோவுக்கு மேலும் இருக்கும். தூக்க இருவர் வேண்டும் என்று தயங்க வேண்டாம். அந்தப் பாரமே நமக்குப் பாதுகாப்பு. அதைக் கனமான மேசையில் திருகாணியிட்டு இறுக்க வேண்டும். மேசையின் கீழ்த்தட்டில் மணல்மூட்டை வைத்தால் இன்னும் நல்லது. சுழலும் மையம் நம் முழங்கை உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது.

மூன்றாவது, வேகம். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வேகம் அதிகம் என்பது பெருமையன்று. எவ்வளவு மெதுவாகச் சுழலும் என்றே கேட்க வேண்டும். 10 அங்குல மரம் நிமிடத்துக்கு 800 முறை சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கு சுமார் 38 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதே மரம் 3,000 முறை சுழன்றால் விளிம்பின் வேகம் ஏறத்தாழ 144 கிலோமீட்டர்! நெடுஞ்சாலையில் பறக்கும் காரைவிட வேகமாக ஒரு மரத்துண்டு நம் முகத்துக்கு நேரே சுழல்வதை எண்ணிப் பாருங்கள். எனவே 250 அல்லது அதற்கும் கீழே தொடங்கக்கூடிய இயந்திரமே கிண்ண வேலைக்கு ஏற்றது. மரத்தின் பருமனை அங்குலத்தில் எடுத்து, வேகத்தால் பெருக்கினால் 6,000 முதல் 9,000 வரை வரவேண்டும் என்பது கடைசல்காரர்களின் கணக்கு. பழகும்வரை அதற்கும் கீழேயே நிற்பது நலம்.

மோட்டார் முக்கால் முதல் ஒரு குதிரைத்திறன் போதும். ஒரு குதிரைத்திறன் என்பது சுமார் 746 வாட். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 சுழற்சி. இணையம் வழியாக வாங்குவோர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அமெரிக்க வீடுகளுக்கெனச் செய்த 110 வோல்ட் மோட்டாரை நம் வீட்டில் செருகினால் அது கருகிவிடும். பழைய லயன் வீடுகளில், புவியிணைப்பு சரியாக உள்ளதா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, தலைப்பகுதியின் மரை. ஓர் அங்குலத் தண்டில் அங்குலத்துக்கு 8 மரை, அல்லது 33 மில்லிமீட்டர் மரை. இவை பரவலானவை. உள்துளை ‘மோர்ஸ்’ 2-ஆம் எண்ணாக இருக்கட்டும். வழக்கில் இல்லாத மரையாக இருந்தால் பிற்காலத்தில் மரம் கவ்வும் ‘சக்’ வாங்கத் திண்டாட வேண்டிவரும்.

பழைய இயந்திரமானால், தலைப்பகுதி முனையையும் வால்பகுதி முனையையும் ஒன்றையொன்று தொடும்படி நகர்த்திப் பாருங்கள். ஊசிமுனைபோல் நேராகச் சந்திக்க வேண்டும். தண்டைக் கையால் பிடித்து அசைத்தால் ஆடக் கூடாது. ஓடவிட்டுக் காது கொடுங்கள். ‘கரகர’ என்ற ஒலி கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கலாம்.

கையிலுள்ள பணம் முழுவதையும் இயந்திரத்துக்கே கொடுத்துவிடாதீர்கள். உளிகளும், அவற்றைத் தீட்டும் சாணைக்கல்லும், ‘சக்’கும் இன்றி இயந்திரம் ஊமைதான். பத்து வெள்ளியில் நான்கு வெள்ளியையாவது இவற்றுக்கு ஒதுக்க வேண்டும். முகத்தை முழுவதும் மறைக்கும் கண்ணாடிக் கவசமும், தூசு தடுக்கும் மூக்குக் கவசமும் இந்தக் கணக்கில் சேர்ந்தவையே. தொங்கும் துண்டு, தளர்ந்த சட்டைக்கை, கட்டாத கூந்தல், கையுறை ஆகியவை இயந்திரத்தருகே வரவே கூடாது. சுழலும் மரம் அவற்றைப் பற்றினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். சிறுபிள்ளைகள் இருக்கும் வீட்டில், வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

இறுதியாக, மரத்தைப் பற்றி ஒரு சொல். வெட்டிய ரப்பர் மரத்தைச் சில நாள் அப்படியே போட்டால் நீலப்பூஞ்சணம் பிடிக்கும், வண்டும் துளைக்கும். ஆகவே, நிர்வாகத்திடம் கேட்டுப் பெற்ற பச்சை மரத்தை உடனே தடிமனாகக் கடைந்துவிட வேண்டும். 10 அங்குலக் கிண்ணமென்றால் சுவர் ஓர் அங்குலம் இருக்கட்டும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடியும் கடைந்து முடிக்கலாம். தொழிற்சாலைகள் போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்துகின்றன. தொடக்கத்தில், அவ்வாறு பதப்படுத்திய துண்டுகளை மரப்பட்டறைகளில் வாங்கிப் பழகுவது எளிது.

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். செய்யப்போகும் பொருள், இருக்கும் இடம், கையிலுள்ள பணம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். எண்களைக் கேளுங்கள், ஓடவிட்டுப் பாருங்கள், அதன் பிறகே பணத்தை எண்ணுங்கள்.