இரணியல் அருகே கடற்கரையில் மின்னும் கறுப்பு மணல்... தங்கமா?

இரணியல் பக்கத்து மணவாளக்குறிச்சி கடற்கரையில் மின்னுவது தங்கம் இல்லைங்க. ஆனா, தங்கம் ஆற்றில் சேர்வது போலத்தான் இதுவும் சேருது.

பூமியின் ஆழத்தில் வெந்நீரில் கரைந்த தங்கம், பாறை வெடிப்புகளில் படிகிறது. கோலார் தங்கம் இப்படி உருவானதுதான். பாறை சிதைந்தால் துகள்கள் ஆற்றுக்கு வரும். தண்ணீரைவிட 19 மடங்கு கனம் என்பதால் அடியில் தங்கிவிடும். கேரளாவின் நிலம்பூரில் மண்ணை அலசித் தங்கம் எடுத்தது இப்படித்தான்.

இங்கே அந்த வேலையை அலை செய்கிறது. லேசான மணலை இழுத்துக்கொண்டு, கனமான இல்மனைட், மோனசைட்டை கரையில் விட்டுவிடும். மோனசைட்டில் இருப்பது கதிரியக்கத் தன்மை கொண்ட தோரியம். அணுசக்திக்கு இது முக்கியம். அதனால்தான் மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் இந்த மணலை எடுக்கிறது. கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை மீனவ மக்கள் எதிர்ப்பதும் கதிரியக்க அச்சத்தால்தான்.