சக்கரமும் கிராமசபையும்

நாட்டின் கொடி எவ்வாறு அமைய வேண்டும், நாட்டின் ஊர்கள் எவ்வாறு ஆளப்பட வேண்டும் என்னும் இரு வினாக்களும் ஒரே சபையில் ஆராயப்பட்டவை. 1946 டிசம்பரில் கூடி 1949 நவம்பரில் அரசியலமைப்பை ஏற்ற இந்திய அரசியல் நிர்ணய சபையே அது. கோவையில் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்த டி. ஏ. இராமலிங்கம் செட்டியாரும் அச்சபையில் ஓர் உறுப்பினர். முதல் வினா இராட்டையையும் தறியையும் சார்ந்தது. இரண்டாவது ஏரையும் ஊரையும் சார்ந்தது. நெசவாளரும் உழவரும் கூடி நடத்தும் சங்கத்தின் அங்கத்தினராகிய நாம் இவ்விரண்டின் வரலாற்றையும் அறிந்திருத்தல் நலம்.

கொடி பற்றிய தீர்மானம்

1947 ஜூலை 22 ஆம் நாள் பண்டித நேரு கொடித் தீர்மானத்தைக் கொணர்ந்தார். காவி, வெண்மை, கரும்பச்சை என மூன்று நிறங்கள் சம அளவில். நடுவே கருநீலச் சக்கரம். அகலத்துக்கும் நீளத்துக்கும் 2:3 என்னும் விகிதம். அதுகாறும் சுதந்தரப் போராட்டக் கொடியில் முழு இராட்டையே இருந்தது. இராட்டையின் ஒரு முனையில் சக்கரமும் மறு முனையில் கதிரும் இருப்பதால், கொடியின் ஒரு பக்கம் காணும் உருவம் மறுபக்கம் இடவலம் மாறித் தோன்றும். ஆகவே இராட்டையின் தலையாய உறுப்பாகிய சக்கரத்தை மட்டும் கொண்டு, அதற்குச் சாரநாத்தின் அசோகத் தூணிலுள்ள சக்கரத்தின் வடிவைத் தந்ததாக நேரு விளக்கினார். கதர்ப் பட்டில் ஒன்றும் கதர்ப் பருத்தியில் ஒன்றுமாக இரு கொடிகளையும் சபையில் காட்டினார். தீர்மானம் அன்றே நிறைவேறிற்று. இராட்டை மறைந்தது காந்தியடிகளுக்கு உவப்பாயில்லை.

நம் வட்டாரத்துக்கு இது வெறும் சித்திரச் செய்தியன்று. 1920களில் தமிழ்நாட்டுக் கதர் உற்பத்தியில் திருப்பூர் தலைசிறந்த நிலையமாக விளங்கிற்று. நெசவுக்குப் பெயர் பெற்ற சென்னிமலையில் பிறந்த குமரன், 1932 ஜனவரியில் திருப்பூரில் கொடியேந்திச் சென்ற ஊர்வலத்தில் போலீசாரின் தடியடிக்கு உள்ளாகி, 11 ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் கையில் இருந்த கொடி கைந்நூலுக்கும் கைத்தறிக்கும் அடையாளமாக நின்ற கொடி. 2002 ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பும் கைந்நூற்றுக் கைத்தறியில் நெய்த துணியையே கோரிற்று. 2021 டிசம்பர் 30 ஆம் நாள் அவ்விதி திருத்தப்பட்டு, இயந்திரத்தில் நெய்த துணிக்கும் பாலியெஸ்டருக்கும் இடமளிக்கப்பட்டது. கொடியின் உருவம் மாறவில்லை. அதனை நெய்யும் கை மாறலாயிற்று.

ஊராட்சி பற்றிய வாதம்

1948 பிப்ரவரியில் வெளியான அரசியலமைப்பு வரைவில் கிராமப் பஞ்சாயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காந்தியடிகளின் கிராம சுயராஜ்யம் எங்கே என்று உறுப்பினர் பலர் கேட்டனர். 1948 நவம்பர் 4 ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர் தம் நிலையைத் தெளிவுறுத்தினார். கிராமம் குறுகிய மனமும் அறியாமையும் சாதிப் பிரிவினையும் குடிகொண்ட இடம். ஆகவே தனி மனிதனையே அரசியலமைப்பின் அடிப்படை அலகாகக் கொண்டது சரியே என்பது அவர் கருத்து. இக்கருத்தைப் பலர் கடுமையாக எதிர்த்தனர். நவம்பர் 22 ஆம் நாள் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கே. சந்தானம், கிராமப் பஞ்சாயத்துகளை அமைத்து அவை சுயாட்சி அலகுகளாக இயங்கத் தக்க அதிகாரம் அளிப்பது அரசின் கடமை எனத் திருத்தம் கொணர்ந்தார். அம்பேத்கர் அதனை ஏற்றுக்கொண்டார். அதுவே இன்றைய 40 ஆவது விதி.

ஆயினும் அவ்விதி வழிகாட்டு நெறிகளின் பகுதியில் வைக்கப்பட்டது. அப்பகுதியை நிறைவேற்றுமாறு நீதிமன்றத்தில் வழக்கிட இயலாது. ஆகவே பஞ்சாயத்தின் வாழ்வு அந்தந்த மாநில அரசின் விருப்பத்தைப் பொறுத்ததாயிற்று. காமராசர் ஆட்சியில் 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பஞ்சாயத்து யூனியன்கள் தோன்றின. பின்னரோ, 1970 க்குப்பின் 1986 வரை நம் மாநிலத்தில் உள்ளாட்சித் தேர்தலே இல்லை.

1992 இல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73 ஆவது திருத்தமே இதனைக் கட்டாயமாக்கிற்று. ஐந்தாண்டுக்கு ஒரு தேர்தல். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்கள். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள். தமிழ்நாடு 2016 இல் பெண்களின் பங்கைப் பாதியாக உயர்த்தியது. சந்தானத்தின் கோரிக்கையும் அம்பேத்கரின் அச்சமும் ஒருங்கே மதிக்கப்பட்டது இத்திருத்தத்தில்தான்.

நம் கடமை

கொடி ஒரே நாளில் முடிவாயிற்று; ஊராட்சி உறுதி பெற 44 ஆண்டுகள் ஆயின. காரணம் அரிதன்று. கொடியை ஏற்பதால் எவரும் தம் அதிகாரத்தை இழப்பதில்லை. ஊருக்கு அதிகாரம் தருவோர் தம்மிடமிருந்து ஒரு பங்கை விட்டுக் கொடுக்க வேண்டும். சட்டம் வந்தபின்னும் 2016 அக்டோபர் முதல் மூன்றாண்டுகளுக்கு மேல் நம் ஊராட்சிகளைத் தனி அலுவலர்களே நடத்தினர். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும், திருப்பூர் உள்ளிட்ட மாவட்டங்களில் தனி அலுவலர்களே நியமிக்கப்பட்டனர்.

தலைவர் இல்லாத காலத்திலும் கிராமசபை கலைவதில்லை. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்னும் நான்கு நாட்களோடு, 2022 இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியனவும் சேர்க்கப்பட்டன. குடிநீர், தெருவிளக்கு, வடிகால், ஊர்க்கணக்கு யாவும் அங்கே கேட்கத் தக்கவை. நொய்யல் நீர் சாயக் கழிவால் கெட்டபோது உழவர் நீதிமன்றம் செல்ல நேர்ந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பனியன் தொழிலாளர் வேலையிழந்தனர். உழவரின் நிலமோ அதற்கு முன்பே கெட்டிருந்தது. இரு சாராரும் ஒரே ஊரார். நீதிமன்றம் போகுமுன் அவர்கள் எதிரெதிர் அமர்ந்து பேசத் தக்க மன்றம் கிராமசபையே.

சங்கப் பொதுக்குழுவில் வரவு செலவைக் கேட்கப் பழகிய நமக்குக் கிராமசபை புதிய பள்ளியன்று. குடியரசு நாளிலும் சுதந்தர நாளிலும் காலையில் கொடி ஏறுகிறது. அன்றே கிராமசபையும் கூடுகிறது. கொடிக்கு வணக்கம் செலுத்தியதும் வீடு திரும்பாமல், அங்கத்தினர் அனைவரும் சபையில் அமர்ந்து, தீர்மானப் புத்தகத்தைப் படித்துப் பார்த்துக் கையொப்பமிடுமாறு வேண்டுகிறோம்.